எதிர்காற்றில் ஓர் ஆண்டு

81 கிலோமீட்டர். 2024 மார்ச் 2-ஆம் தேதி, இத்தாலியின் சியெனா நகரைச் சுற்றியுள்ள வெள்ளைச் சரளைச் சாலைகளில் ஸ்த்ராதே பியாங்கே சைக்கிள் பந்தயம். ததேய் பொகாச்சார் என்ற ஸ்லோவேனியர் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பியபோது பந்தயம் முடிய இன்னும் அவ்வளவு தூரம் இருந்தது. அந்த ஆண்டில் அவருக்கு அதுதான் முதல் பந்தயம். இங்கே இரவு ஏழு மணி இருக்கும். போய்விட்டுப் பிடிபடுவார், அரைமணி நேரம் பார்க்கலாம் என்று நினைத்தேன். மோந்தே சாந்தே மரியே சரளைப் பாதையில் அவர் சக்கரங்களுக்குப் பின்னால் கிளம்பிய இடைவெளி அரை நிமிடமானது, ஒரு நிமிடமானது, இரண்டைத் தாண்டியது. சோறு ஆறிப்போயிற்று. சியெனாவின் பெரிய சதுக்கத்துக்குள் அவர் நுழைந்தபோது அடுத்த ஆள் டோம்ஸ் ஸ்குயின்ஷ் 2 நிமிடம் 44 விநாடி பின்னால் இருந்தார்.

இதில் என்ன இருக்கிறது, வேகமானவன் முன்னால் போகத்தானே செய்வான் என்று கேட்ட நண்பர்கள் உண்டு. சாலைப் பந்தயம் அப்படி இல்லை. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் ஒருவன் செலவிடும் சக்தியில் மிகப் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். வேகம் இருமடங்கானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். முன்னால் ஒருவன் சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சம். அதனால்தான் நூற்றைம்பது பேர் ஒரே கூட்டமாக, பிரெஞ்சுக்காரர்கள் பெலோட்டான் என்று சொல்லும் அந்தக் கூட்டமாக, தோளோடு தோள் உரசிக்கொண்டு போகிறார்கள். தனியாகப் போகிறவனைக் கூட்டம் விழுங்கிவிடும் என்பதுதான் இந்த விளையாட்டின் அடிப்படைக் கணக்கு. இரண்டு மணி நேரம் அந்தக் கணக்குக்கு எதிராக ஒருவர் மிதித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. முப்பந்தல் பக்கத்து ஊர் எங்களுக்கு, பள்ளிக்கூடம் ஆரல்வாய்மொழியில். ஆனி பிறந்துவிட்டால் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று ஆவணி முடியும்வரை நிற்காது. காற்றாலைகளை அங்கே கொண்டுவந்து நட்டது சும்மாவா? காலையில் பள்ளிக்குப் போகும்போது முழுக்க எதிர்காத்து. எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பது போலிருக்கும். பள்ளிக்கூடப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு எங்கள் அண்ணன் முன்னால் போவான். "லே, எனக்க பின்னாலயே ஒட்டி வா. விலகிராத. காத்து படாது" என்பான். விலகாமல் போவேன். உண்மையிலேயே படாது. அவன் சட்டை மட்டும் பாய்மரம்போலப் புடைத்துக்கொண்டு படபடக்கும். சாயங்காலம் திரும்பும்போது மிதிக்கவே வேண்டியதில்லை; காற்றே கொண்டுபோய் வீட்டு வாசலில் விட்டுவிடும். அப்போது இருவரும் சேர்ந்தே போவோம், பேசிக்கொண்டு.

அவனுக்குக் காலையில் எத்தனை வலித்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. 2024-இல்தான் யோசித்தேன்.

அந்த ஆண்டைப் பொகாச்சாரின் ஆண்டு என்று எல்லோரும் எழுதினார்கள், சரிதான். 25 வெற்றிகள். ஏப்ரலில் லியேஜ்-பஸ்தோஞ்-லியேஜ் பந்தயத்தில் லா ரெதூத் ஏற்றத்தில் கிளம்பி 34 கிலோமீட்டர் தனியாக. மே மாதம் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ தித்தாலியாவில் இரண்டாவது நாளே முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியை எடுத்துப் போட்டு, கடைசிவரை கழற்றவில்லை. ஆறு கட்டங்கள் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), மொத்த நேரத்தில் 9 நிமிடம் 56 விநாடி முன்னிலை. ஜூலையில் டூர் டி பிரான்ஸ், அதிலும் ஆறு கட்டங்கள், 6 நிமிடம் 17 விநாடி. ஒரே ஆண்டில் ஜிரோவும் டூரும் வெல்வது 1998-இல் மார்கோ பந்தானிக்குப் பிறகு யாராலும் முடியாதிருந்தது. செப்டம்பரில் சூரிச்சில் உலகப் பட்டமும் சேர்ந்தபோது 1974-இன் எடி மெர்க்ஸ், 1987-இன் ஸ்டீபன் ரோச் இருவருக்கும் அடுத்து மூன்றாவது பெயராக எழுதப்பட்டார். அக்டோபரில் கோமோ ஏரிக்கரையில் லொம்பார்தியா பந்தயத்தைத் தொடர்ந்து நான்காவது முறையாக வென்று ஆண்டை முடித்தார்.

ஆனால் மே மாதத்தில் எனக்குச் சலிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜிரோவின் பதினாறாவது கட்டம், மோந்தே பானா ஏற்றம். மழை, குளிர். ஜூலியோ பெல்லிட்ஸாரி என்ற 20 வயது இத்தாலியப் பையன் முன்னால் தனியாக ஏறிக்கொண்டிருந்தான். முடிவுக்கோடு எட்டும் தூரத்தில். மொத்தக் கணக்கில் ஏற்கெனவே பல நிமிடங்கள் முன்னிலையில் இருந்த பொகாச்சார் பின்னாலிருந்து வந்தார். கடந்துபோகும்போது "என் பின்னால் வா" என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். பையனால் ஒட்ட முடியவில்லை. பந்தயம் முடிந்த பிறகு அவன் வந்து அவருடைய கண்ணாடியைக் கேட்டான். அவர் கண்ணாடியோடு இளஞ்சிவப்பு ஜெர்சியையும் கழற்றிக் கொடுத்தார். பையன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எல்லோரும் அந்தக் காட்சியைக் கொண்டாடினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஜெர்சி அழகான பரிசுதான். ஆனாலும் அன்றைய கட்டத்தை அவனுக்கு விட்டிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். அப்படி விட்டுக்கொடுப்பது பந்தயத்துக்கு இழுக்கு என்று வாதாடுகிறவர்களையும் எனக்குப் புரிகிறது. புரிந்தும் மனம் மாறவில்லை.

சலிப்பைவிடக் கனமான இன்னொன்றும் இருந்தது. ஜூலை 14 அன்று பிளாத்தோ த பெய் மலையைப் பொகாச்சார் ஏறிய நேரம், 1998-இல் பந்தானி ஏறியதைவிட மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைவு. பந்தானியின் காலம் எப்படிப்பட்ட காலம் என்பது இந்த விளையாட்டைத் தொடர்கிற எல்லோருக்கும் தெரியும். 1999 ஜிரோவில் வெற்றி கைக்கெட்டிய நிலையில், இரத்தப் பரிசோதனையில் சிவப்பணு அளவு வரம்பு மீறியிருந்ததால் பந்தானி வெளியேற்றப்பட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து ரிமினி நகரத்து விடுதி அறை ஒன்றில் தனியாகச் செத்துக் கிடந்தார். 2024 டூரின் முதல் கட்டம் முடிந்தது அதே ரிமினியில். இரண்டாவது கட்டம் கிளம்பியது அவருடைய ஊரான செசெனாத்திகோவில். ஊக்கமருந்துக்காக லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டதைப் பார்த்த கண்கள் இவை. மணிக்கு நூறு கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்ணப் பழகிய வயிறு, நல்ல டயர்கள், காற்றறையில் சோதித்த சைக்கிளும் உடையும், ஏற்றத்தின் அடிவாரம்வரை அவருடைய முக்கியப் போட்டியாளர் விங்கெகோரின் அணி இழுத்த அசுர வேகம் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. எல்லாம் உண்மையான காரணங்களே. பொகாச்சார் எந்தப் பரிசோதனையிலும் தவறியதில்லை. டூர் நடந்துகொண்டிருந்தபோதே, அவருடைய அணி உட்படச் சில அணிகள், இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை அளக்கக் கார்பன் மோனாக்சைடைச் சிறிதளவு சுவாசிக்கச் செய்கின்றன என்ற செய்தி வந்தது. அளப்பதற்கு மட்டுமே என்றார்கள், விதிப்படி தவறில்லை. 2025 பிப்ரவரியில் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் அந்த வாயுவைத் திரும்பத் திரும்பச் சுவாசிப்பதற்குத் தடை போட்டது. நான் நம்புகிறேன். நம்பும்போதே ஒரு மூலையில் வலிக்கிறது. முந்தைய தலைமுறை எங்களுக்கு விட்டுப்போன வலி அது.

வசந்தகாலத்தின் இன்னொரு தனியாளையும் சொல்லவேண்டும். மத்தியூ வான் டெர் பூல். உலகச் சாம்பியனின் வானவில் ஜெர்சியோடு, ஃப்ளாண்டர்ஸ் பந்தயத்தில் கோப்பன்பெர்க் ஏற்றத்துக் கல்தரை சேறாகி, பெரும் வீரர்களே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, இவர் மிதித்தபடியே மேலே போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாரிஸ்-ரூபேயில் 60 கிலோமீட்டர் தனியாக, மூன்று நிமிட இடைவெளி.

அந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் நடுவில் ஏப்ரல் 4. பாஸ்க் நாட்டுப் பந்தயத்தின் நான்காவது கட்டம். ஓர் இறக்கத்து வளைவில் கூட்டத்தின் முன்பகுதி அப்படியே சாலையைவிட்டு வெளியே போனது. கான்கிரீட் வடிகாலில் யோனாஸ் விங்கெகோர் அசையாமல் கிடந்தார். முந்தைய இரண்டு டூர்களையும் வென்றவர். காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலுக்கு வெளியே காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிட்டது. பன்னிரண்டு நாள் மருத்துவமனை. ரெம்கோ ஏவனபூலுக்குக் காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் உடைந்தன. ஜே வைனுக்கு முதுகெலும்பு முறிவுகள். பிரிமோஷ் ரோக்லிச் பெரிய முறிவில்லாமல் தப்பினார். ஒரே வளைவில் டூரின் பாதி கதை முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

ஜூலை 10, லெ லியோரான். பதினோராவது கட்டம். புய் மரி ஏற்றத்தின் உச்சிக்குச் சற்று முன்னால், இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்க, பொகாச்சார் வழக்கம்போலக் கிளம்பினார். வழக்கம்போல முடிந்தது என்று நானும் எழப்போனேன். விங்கெகோர் பதறவில்லை. தன் வேகத்திலேயே ஏறினார், இறங்கினார், அடுத்த ஏற்றத்தில் பிடித்துவிட்டார். கடைசியில் இருவர் மட்டும் கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது, குறுந்தூரப் பாய்ச்சலில் எப்போதும் மேலான பொகாச்சாரை அரைச் சக்கரத்தில் முந்தினார். மூன்று மாதத்துக்கு முன்னால் மூச்சே விடமுடியாமல் கிடந்த உடம்பு. பிறகு கேமரா முன்னால் பேச வந்தவர் பேசமுடியாமல் அழுதார். அந்த டூரில் அவர் வென்ற ஒரே கட்டம் அது. என் கணக்கில் அந்த ஆண்டின் மிகப் பெரிய நாளும் அதுவே.

ஏவனபூலும் எழுந்தார். டூரில் மூன்றாமிடம், பிறகு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு மோதும் தனிநேரப் போட்டி, சாலைப் போட்டி இரண்டிலும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டையும் வென்ற முதல் ஆண் அவர். சாலைப் போட்டியின் கடைசி நான்கு கிலோமீட்டருக்குள் டயரில் காற்றிறங்கியது. மாற்றுச் சைக்கிள் வரும்வரை அவர் கத்தியதும் பதறியதும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. பின்னால் வந்தவர்கள் ஒரு நிமிடத்துக்கும் மேல் தள்ளி இருந்தது அவருக்கு அப்போது தெரியாது; ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது.

எல்லோரும் எழவில்லை. ஜூலை 6, ஆஸ்திரியா பந்தயத்தில், கிராஸ்குளோக்னர் மலை இறக்கத்தில் விழுந்து ஆந்திரே திரேகே என்ற நார்வே வீரர் இறந்தார். 25 வயது. செப்டம்பரில் சூரிச் உலகப் போட்டியில் இளையோர் மகளிர் பந்தயம் மழையில் நடந்தது. மூரியல் ஃபூரர் என்ற 18 வயதுச் சுவிஸ் பெண் காட்டுப்பகுதி ஒன்றில் விழுந்து, வெகுநேரம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, மறுநாள் இறந்தார். அவர் காதிலும் ரேடியோ இல்லை. வீட்டுக்கு உணவு கொண்டுவருகிற பையன் எந்தத் தெருவில் நிற்கிறான் என்று கைப்பேசியில் தெரிகிற காலம் இது. ஒரு வீராங்கனை ஓடுதடத்தைவிட்டு விலகினால் உடனே தெரிவிக்கும் கருவி ஒவ்வொரு சைக்கிளிலும் இருந்திருக்க வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் துக்கம் தீராத சூரிச்சில்தான், மூன்றாம் நாள், ஆண்களின் உலகப் பட்டப் பந்தயம். 273 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் மீதமிருக்கும்போது பொகாச்சார் கிளம்பினார். கடைசி ஐம்பது கிலோமீட்டர் தனியாகவே வந்து பென் ஓ'கானரையும் வான் டெர் பூலையும் பின்னால் நிறுத்தினார். மறுநாள் எல்லாத் தலைப்பிலும் "நூறு கிலோமீட்டர்". அதை நான் இரண்டாம் முறை ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் யான் திராத்னிக் சரியாகக் கண்ணில் பட்டார். ஸ்லோவேனியர். முன்னாலேயே போன சிறு குழுவில் இருந்தவர். பொகாச்சார் வருகிறார் என்று தெரிந்ததும் அந்தக் குழுவைவிட்டுப் பின்தங்கி, காத்திருந்து, அவரைத் தன் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு முழு வலுவோடு இழுத்தார், முன்குழுவைத் தொடும்வரை. இத்தனைக்கும் அந்த ஆண்டு முழுக்க அவர் விங்கெகோரின் அணியில் பொகாச்சாருக்கு எதிராக மிதித்தவர். உலகப் போட்டியில் மட்டும் நாட்டு ஜெர்சி. திராத்னிக் முன்னால் நின்று எதிர்காற்றை வாங்கிய அந்தச் சில கிலோமீட்டர்கள் இல்லாவிட்டால் அன்று வானவில் யாருக்கு என்று சொல்லமுடியாது. அவர் வேலை முடிந்ததும் கேமரா அவரை விட்டுவிட்டது.

அன்றிலிருந்து அந்த ஆண்டைப் பின்னோக்கி வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

டூரின் முதல் நாள், ஜூன் 29, ஃபுளோரன்ஸிலிருந்து ரிமினிக்கு. ரொமேன் பார்தே, 33 வயது, இதுதான் தன் கடைசி டூர் என்று அறிவித்தவர். டூரில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை வாழ்நாளில் ஒருமுறைகூடப் போட்டதில்லை. பெருங்கூட்டத்திலிருந்து தாவி முன்னே போனால் அங்கே அவர் அணிப் பையன் ஃப்ராங்க் வான் டென் ப்ரூக், முதல் டூரின் முதல் நாள், காலையிலிருந்தே முன்னால் ஓடிக் களைத்தவன், இருந்தான். கடற்கரைச் சமவெளியில் பின்னால் கூட்டம் பாய்ந்து வர, பையன் முன்னால் நின்று காற்றை வாங்கினான். பார்தேயைவிட அதிகம் வாங்கினான். ஐந்தே விநாடி மிச்சம் வைத்து இருவரும் கோட்டைத் தொட்டார்கள். பார்தே கைகளைத் தூக்கவில்லை. பக்கத்தில் வந்த பையனைச் சுட்டிக்காட்டினார்.

மூன்றாம் நாள் தூரினில் பினியம் கிர்மாய் வென்றார். எரித்ரியாவின் அஸ்மாராக்காரர். டூரில் ஒரு கட்டம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர்; பின்னர் இன்னும் இரண்டு வென்று, புள்ளிகளில் முதல்வனுக்கான பச்சை ஜெர்சியோடு டூர் முடிந்த நீஸ் நகரம்வரை வந்தார். இத்தாலியக் காலனி ஆட்சி கொண்டுவந்த சைக்கிளை எரித்ரியா தன் உயிராக ஆக்கிக்கொண்டது. அந்த நாட்டுப் பையன் முதல் டூர் வெற்றியை இத்தாலிய மண்ணில் எடுத்ததை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. 2022 ஜிரோவில் ஒரு கட்டம் வென்று மேடையில் பாட்டிலைத் திறந்தபோது மூடி கண்ணில் அடித்து, மறுநாளே விலகவேண்டி வந்தவர் அவர். அவருக்கு முன்னால் 2015-இல் தானியேல் தெக்லேஹைமானோத் என்ற இன்னொரு எரித்ரியர் மலைமன்னனின் புள்ளி ஜெர்சியைச் சில நாள் அணிந்தார். வெற்றி ஏதுமில்லை. ஆனால் அந்தச் சாலையில் எதிர்காற்றை முதலில் வாங்கியவர் அவர்.

பிறகு மார்க் கேவண்டிஷ். 39 வயது. டூரில் 34 கட்ட வெற்றிகளோடு 2021-இல் மெர்க்ஸின் சாதனையைச் சமன் செய்தவர். ஒன்றே ஒன்று கூடுதலாக வேண்டும். 2023-இல் ஓய்வு அறிவித்து, அந்த டூரில் விழுந்து காறை எலும்பு உடைந்து, ஓய்வைத் தள்ளிவைத்து மீண்டும் வந்திருந்தார். அதே முதல் நாள், பார்தே ஜெயித்த அதே வெயிலில், முதல் ஏற்றத்திலேயே பின்தங்கினார். வாந்தி எடுத்தார். டூரில் ஒவ்வொரு நாளுக்கும் நேர வரம்பு உண்டு. அதற்குள் வராதவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அஸ்தானா அணித்தோழர்கள் திரும்பி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஏற்றத்தில் அவர் வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்தார்கள், சமதரையில் முன்னால் நின்று இழுத்தார்கள். அவர்களில் ஒருவரான மிக்கேலே கட்ஸோலி தானே தளர்ந்து அன்றே டூரைவிட்டு விலகினார். மற்றவர்கள் முதல்வன் போய் 39 நிமிடம் கழித்து, வரம்புக்குப் பத்து நிமிடம் வைத்து ரிமினிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த 39 நிமிடத்தில் ஒரு விநாடிகூட அவர்களில் யாருடைய பெயருக்குப் பக்கத்திலும் பெருமையாக எழுதப்படப் போவதில்லை.

நான்கு நாள் கழித்து, ஜூலை 3, சென்-வுல்பா. கடைசி சில நூறு மீட்டரில் கேவண்டிஷ் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குத் தாவித் தாவி, இடைவெளி திறந்த கணத்தில் வெளியே வந்து, தெளிவாக முந்தி வென்றார். 35. நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். எதிரணிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள், பொகாச்சாரும். மனைவி, பிள்ளைகள் வந்தார்கள். நடுவில் அவர் தலையைத் தூக்கித் தூக்கிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒதுங்கிய நீலச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அன்றிரவு அண்ணனுக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். அவனுக்கு டூர் பற்றி ஒன்றும் தெரியாது. பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். ஜெயித்தவரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அந்த முன்னால போன பயலுவ ஆருலே?" என்றான்.